வெள்ளி விளக்கு கறுத்த வீடு

வணக்கம் நேயர்களே.

2008-ஆம் வருடத் தொடக்கத்தில் என் அம்மா கும்பகோணத்திலிருந்து எங்களிடம் வந்து தங்கினார். புளோரிடாவின் கேப் கோரல் ஊரில், கட்டி முடித்து ஒரு வருடம்கூட ஆகாத வீடு எங்களுடையது. வெள்ளிக்கிழமை தோறும் காமாட்சி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்துத் துடைத்து ஏற்றுவது அம்மாவின் வழக்கம். மூன்றாவது வாரம் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன்டா, இது நம்ம வெள்ளிதானா? வெள்ளிக்கிழமை தேச்சா செவ்வாய்க்குள்ள கரியா போயிடுதே?"

கடற்காற்று என்று சொல்லிவிட்டேன். அந்த வருடத்திலேயே ஏ.சி. காயில், அதாவது உள்ளே காற்றைக் குளிரவைக்கும் செம்புக் குழாய்ச் சுருள், இரண்டு முறை ஓட்டையாகி மாற்றினோம். மைக்ரோவேவ் போனது, டிவி போனது. மகளுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். எல்லாவற்றுக்கும் காரணம் சுவர்தான் என்பது 2009-இல் செய்திகளில் பேச்சு அடிபட்ட பிறகுதான் தெரிந்தது. இப்போது வீடு வாங்குவோருக்காக வீட்டைச் சோதித்துச் சொல்வது என் தொழில். அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கும், வாங்கப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக ஆசை.

இங்கே வீட்டின் உள்சுவர் செங்கல் அல்ல. மரச்சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ட்ரைவால் அடிப்பார்கள். நம் ஊரில் ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடும் ஜிப்சம் போர்டேதான்: நடுவில் ஜிப்சம், இரு பக்கமும் கனத்த தாள். 2004-லும் 2005-லும் புயல் மேல் புயல். சார்லி, ஐவன், கத்ரீனா, ரீட்டா என்று வரிசையாக வந்து புளோரிடாவிலும் லூசியானாவிலும் வீடுகளைப் பிய்த்துப் போட்டன. அதே நேரத்தில் புது வீடு கட்டும் வேகமும் உச்சத்தில் இருந்தது. உள்நாட்டுப் பலகை போதவில்லை. சீனாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்தது, 2006-இல் மட்டும் சுமார் 70 லட்சம் பலகைகள். வந்தவை எல்லாமே கெட்டவை அல்ல. ஆனால் ஒரு பகுதியிலிருந்து கந்தக வாயுக்கள் கசிந்தன, முக்கியமாக ஹைட்ரஜன் சல்பைடு. செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைப்பது அதுதான்.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய 4,000 புகார்கள் போயின. மிகப் பெரும்பாலானவை புளோரிடா, லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களிலிருந்து. ஆணையம் 51 வீடுகளைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. கெட்ட பலகைக்கும், வீட்டுக் காற்றில் இருந்த ஹைட்ரஜன் சல்பைடுக்கும், உலோக அரிப்புக்கும் வலுவான தொடர்பு இருப்பது 2009 நவம்பரில் வெளியானது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் பலகைத் துண்டுகளைத் தனித்தனிப் பெட்டியில் அடைத்து அளந்தபோது, அதிகமாக வாயு விட்ட முதல் பத்தும் சீனத் தயாரிப்புகள். சூடும் ஈரப்பதமும் கூடினால் வாயுவும் கூடுகிறது. புளோரிடாவில் இரண்டுக்கும் குறைவில்லை.

சரி, நம் வீட்டில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

அழுகிய முட்டை நாற்றம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். மூக்கை மட்டும் நம்பாதீர்கள். சில வீடுகளில் நாற்றமே இருக்காது. இருக்கும் வீட்டிலும், உள்ளேயே வாழ்பவர்களுக்குச் சில நாளில் பழகிவிடும். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்றம் இருந்தாலும் அது சுவரிலிருந்துதான் வருகிறது என்று சொல்ல முடியாது. புளோரிடாவில் பல கிணற்றுத் தண்ணீரில் கந்தக வாடை உண்டு. ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீரில் வரும். உபயோகிக்காத குளியலறையின் வடிகால் வறண்டுபோனால் சாக்கடை வாடை மேலே ஏறும். குழாயைத் திறந்தால்தான் நாறுகிறது என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

பார்க்க வேண்டியது செம்பை. இங்கே சுவரில் இருக்கும் ஒவ்வொரு ப்ளக் பாயின்ட்டுக்கும் மூன்று வயர் வரும். அதில் எர்த் வயர் உறையில்லாத வெறும் செம்பு. சுவருக்குள் இருக்கும் காற்று வருடக்கணக்காக அதன் மேல் படுகிறது. பேனலில் அந்த அறையின் பிரேக்கரை அணையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகு மூடித் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். பழக்கம் இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அவருக்கு இது சில நிமிட வேலை. நல்ல வீட்டில் அந்தச் செம்பு பழைய பித்தளைப் பாத்திரம் மாதிரி பழுப்பேறி மங்கலாக இருக்கலாம், அது வயது. கெட்ட வீட்டில் அடுப்புக்கரி பூசினாற்போல் கறுப்பாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் உறையுள்ள வயரின் நுனியைப் பாருங்கள். வெளியே தெரியும் நுனி கறுத்திருக்கும், உறையைக் கொஞ்சம் சீவினால் உள்ளே பளபளவென்று இருக்கும். நான் முதலில் திறந்தது மகளின் அறையில். அந்த வயரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஒரே வீட்டில் நல்ல பலகையும் கெட்ட பலகையும் கலந்து அடித்திருப்பார்கள். மாடி, கீழ்த்தளம், வெளிச்சுவர், உட்சுவர் என்று ஏழெட்டு இடங்கள் பாருங்கள். ஏ.சி. மெக்கானிக் வரும்போது காயிலின் வளைந்த செம்புக் குழாய்களைக் காட்டச் சொல்லுங்கள். பரணில் ஏறினால் சீலிங் பலகையின் பின்பக்கத் தாளில் எந்த ஊர்த் தயாரிப்பு என்று அச்சடித்திருக்கலாம். அச்சு இல்லை என்பதால் நல்லது என்று அர்த்தமில்லை, பல பலகைகளில் பெயரே இருக்காது.

ஆணையத்தின் வழிகாட்டுதலும் இதே வரிசைதான். 2001-க்கும் 2009-க்கும் இடையில் புதிதாகப் பலகை அடித்திருக்க வேண்டும், செம்பு வயரோ காயிலோ கறுத்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அடுத்த படி. அப்புறம் உறுதி செய்யும் சான்றுகள் தேவை, அவற்றில் ஒன்று மட்டும் போதாது. பலகையின் நடுப்பகுதியை ஆய்வகத்துக்கு அனுப்பினால், தனிமக் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கிறதா என்று சொல்வார்கள். செம்புத் தகடு ஒன்றை வீட்டில் இரண்டு வாரமோ ஒரு மாதமோ வைத்து, அதில் காப்பர் சல்பைடு படிகிறதா என்றும் பார்ப்பார்கள். வீட்டிலேயே செய்யலாம் என்று விற்கும் சோதனைப் பொட்டலங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் அதைத்தான் செய்தோம். மேலே நல்ல பெயின்ட் அடித்தோம். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினோம். ஓசோன் அடித்தால் எல்லாம் போய்விடும் என்று சொன்ன ஒருவருக்குப் பெரிய தொகை கொடுத்தோம். கந்தகம் பலகைக்குள் இருக்கிறது, மேலே எதைப் பூசினாலும் உள்ளே இருப்பது இருந்துகொண்டேதான் இருக்கும். ஆறு மாதத்தில் மூன்றாவது காயிலும் போனது.

பலகையைப் பெயர்த்து எடுப்பதுதான் வழி. அதோடு புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், ப்ளக் பாயின்ட், சுவிட்ச், பிரேக்கர், சூட்டில் உலோகம் உருகித் திறக்கும் வகைத் தீயணைப்புத் தெளிப்பான் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறது ஆணையம். அலாரத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன். உள்ளே அரித்துப்போன அலாரம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வேண்டிய நேரத்தில் கத்தாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் சந்தேகம் மட்டும்தான் என்றாலும் இன்றைக்கே புது அலாரம் வாங்கி மாட்டுங்கள்.

வயரைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. பலகை தயாரித்த நிறுவனங்கள் மேல் வீட்டுக்காரர்கள் போட்ட வழக்குகளை நியூ ஆர்லியன்ஸில் விசாரித்த நீதிபதி எல்டன் ஃபாலன், 2010-இல் மொத்த வயரையும் மாற்ற வேண்டும் என்றார். லூசியானாவின் ஒரு குடும்பத்துக்கு அவர் தீர்ப்பளித்த தொகை சுமார் 1,64,000 டாலர், செலவு எவ்வளவு ஆகும் என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். சாண்டியா தேசிய ஆய்வகம் நாற்பது வருடத்துக்கு நிகரான அரிப்பை வயரில் உண்டாக்கிச் சோதித்த பிறகு, 2011-இல் ஆணையம் வயரை எடுக்கத் தேவையில்லை என்று சொன்னது. பணம் போதவில்லை என்றால் வயரை விட்டுவிடலாம், ஆனால் கறுத்த நுனிகளை வெட்டிவிட்டுப் பளபளக்கும் செம்பில் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள் என்பது என் அபிப்பிராயம். பலகையை எடுத்த பிறகு தூசியை ஒரு மூலை விடாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஜன்னல்களைத் திறந்து போட்டு வீட்டை ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுப் புதுப் பலகை அடிக்காதீர்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தலைவலி, கண் எரிச்சல், இருமல், மூக்கில் ரத்தம், ஆஸ்துமா இவற்றைத்தான் மக்கள் புகாரில் சொன்னார்கள். வீட்டை விட்டு வெளியே போனால் குறைகிறது என்றும் சொன்னார்கள். என் மகளின் மூக்கு ரத்தத்துக்குச் சுவர்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. கும்பகோணத்தில் இருந்த ஆறு வாரமும் அவளுக்கு ஒரு முறைகூட வரவில்லை என்பது மட்டும் தெரியும். குழந்தைகளுக்கு இப்படி இருந்தால் டாக்டரிடம் வீட்டைப் பற்றியும் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸை நம்பியிருந்தவர்கள் பலர் ஏமாந்தார்கள். மாசு, கட்டுமானக் குறை என்ற விலக்குகளைக் காட்டிக் கம்பெனிகள் கைவிரித்தன. வருமான வரித்துறை 2010-இல் பழுது பார்த்த செலவை இழப்பாகக் கழித்துக்கொள்ள அனுமதித்தது, எங்களுக்கு அது பெரிய ஆறுதல். வழக்குகளில், பலகை தயாரித்த க்னாஃப் நிறுவனம் 2010 அக்டோபரில் முதல்கட்டமாக 300 வீடுகளைச் சரிசெய்து தர ஒப்புக்கொண்டது, பிறகு அது விரிந்தது. பலகை தயாரித்த இன்னொரு நிறுவனமான டைஷான் வருடக்கணக்கில் இழுத்தடித்த பிறகு 24.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்து, 2020-இல்தான் நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. புதிதாக வீடு வாங்குகிறவர் அந்தப் பணத்தை எதிர்பார்க்க முடியாது.

2013 ஜனவரியில் கையெழுத்தான ட்ரைவால் பாதுகாப்புச் சட்டத்தால், ஒவ்வொரு பலகையிலும் தயாரித்தவர் பெயரும் மாதமும் வருடமும் இருந்தாக வேண்டும், கந்தகத்துக்கும் உச்சவரம்பு வந்தது. இன்றைக்குக் கட்டும் வீட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலை எல்லாம் கைமாறும் பழைய வீடுகளைப் பற்றித்தான். 2008 நெருக்கடியில் கடன் கட்ட முடியாமல் மக்கள் விட்டுப்போன வீடுகளை, வங்கிகள் இருக்கிற நிலையிலேயே விற்றன. அவற்றில் சில புதுப் பெயின்ட் பூசிக்கொண்டு இன்னும் சந்தைக்கு வருகின்றன. சாதாரண ஹோம் இன்ஸ்பெக்ஷனில் இதைப் பார்க்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். 2001-க்கும் 2009-க்கும் இடையில் கட்டியதோ புதுப்பித்ததோ என்றால், க்ளோசிங்குக்கு முன், அதாவது வீடு உங்கள் பெயருக்கு மாறும் முன், விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏ.சி. காயில் எத்தனை முறை மாற்றியது என்று கேளுங்கள். சரிசெய்த வீடு என்று சொன்னால் கவுன்ட்டி அலுவலகத்தில் பர்மிட் இருக்கிறதா, எந்த எந்தச் சுவரை எடுத்தார்கள் என்று பாருங்கள். பாதிச் சுவரை மட்டும் மாற்றிவிட்டு விற்ற வீட்டை நானே பார்த்திருக்கிறேன். வாடகைக்கு இருப்பவர்கள் கறுத்த வயரைப் படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. பூஜை அலமாரியில் இருக்கும் வெள்ளியைத் தேய்த்து வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கறுத்தால் ப்ளக் பாயின்ட்டைத் திறந்து பாருங்கள். வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.