கார் நிறுத்துமிடத்தில் கண்டெடுத்தார்களாம்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'அமெரிக்கத் திரையுலகில் சீன நடிகை உயர்ந்தது ஹாலிவுட் கொடுத்த வாய்ப்பாலா, தன் முயற்சியாலா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் சீன நடிகை ஜோன் சென்னின் பெயரைச் சொல்லி, ஹாலிவுட்டின் தாராள மனத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு அமர்ந்திருக்கிறார். தன் முயற்சியே என்று வாதாட வந்திருக்கும் நானும் அதே பெயரையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஸ்டூடியோவின் கார் நிறுத்துமிடத்தில் நடந்துபோன பெண்ணைத் தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ் பார்த்தார், அன்றே அவர் தலையெழுத்து மாறியது என்று உருகினாரே, அந்தப் பெண் யார் என்பதைச் சொன்னாரா? ஷாங்காயில் பிறந்து, 14 வயதில் அங்குள்ள படப்பிடிப்பு நிறுவனத்தின் நடிப்புப் பயிற்சிக்குத் தேர்வாகி, 1980இல் சீனாவின் 'நூறு மலர்கள்' விருதைச் சிறந்த நடிகையாகப் பெற்றவர். நாடே கொண்டாடிய நட்சத்திரம். 1981இல் அமெரிக்கா போனது படிப்பதற்காக. அவரைப் போய்க் கார்களுக்கு நடுவே கண்டெடுத்தார்களாம்!

சரி, கண்டெடுத்துக் கொடுத்த வேடம் என்ன? 1986இல் வந்த 'டைபான்' படத்தில், ஹாங்காங்கில் வாணிபம் செய்யும் வெள்ளைக்காரரின் ஆசைநாயகி.

இதைக் கேட்டதும் பழைய ஹாலிவுட் நடிகை அன்னா மே வோங் நினைவுக்கு வருகிறார். லாஸ் ஏஞ்சலஸில் சலவைக்கடை நடத்திய சீனக் குடும்பத்தில் 1905இல் பிறந்தவர். நல்ல வேடம் கிடைக்காமல் சலித்து 1928இல் ஐரோப்பாவுக்குப் போய்ப் பெயர் வாங்கித் திரும்பினார். 1930களில் எம்.ஜி.எம். நிறுவனம் 'தி குட் எர்த்' படத்தை எடுத்தபோது, சீன உழவனின் மனைவி ஓ-லானாக நடிக்க ஆசைப்பட்டார். வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது. ஆஸ்கரும் அவருக்கே போனது. அன்னா மே வோங்குக்கு நீட்டியது, அந்த உழவன் பிறகு சேர்த்துக்கொள்ளும் லோட்டஸ் என்ற ஆசைநாயகி வேடம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து வந்தவருக்கும் அதே ஆசைநாயகி வேடத்தைத்தானே எடுத்து வைத்திருந்தார்கள்?

எதிரணியின் பெரிய ஆயுதம், சீனாவின் கடைசிப் பேரரசரைப் பற்றி 1987இல் வந்த 'தி லாஸ்ட் எம்பரர்'. அந்த ஆயுதம் அவர்களுடையதே அல்ல. இயக்கிய பெர்டலூச்சி இத்தாலியர். பணம் திரட்டிய ஜெரமி தாமஸ் ஆங்கிலேயர். ஹாலிவுட் அதை வாங்கி வெளியிட்டதோடு சரி. அந்தப் படத்தில், ஜப்பான் அமைத்த பொம்மை அரசான மஞ்சுகுவோவில் நடக்கும் விருந்துக் காட்சி ஒன்று வரும். கண்ணீர் வழிய வழிய, பேரரசியாக வரும் ஜோன் சென் ஆர்க்கிட் பூக்களைப் பிய்த்து வாயில் திணித்து மெல்லுவார். அரசனைப் பற்றிய படத்தில் அரசியைத்தான் மறக்க முடியவில்லை. 9 பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரை, ஒன்பதிலும் வெற்றி. உடைக்கு, ஒலிக்கு, படத்தொகுப்புக்கு என்று அள்ளிக் கொடுத்தார்கள். நடித்தவர்களில் ஒருவருக்குக்கூடப் பரிந்துரை இல்லை! பந்தலுக்கும் மேளத்துக்கும் பரிசு கொடுத்துவிட்டு மணப்பெண்ணைத் திரும்பிப் பார்க்காமல் போன கதை இது.

அதற்குப் பிறகாவது? 1993இல் ஆலிவர் ஸ்டோன் படத்தில் வியட்நாம் கிராமத்துத் தாய். தாயாக நடித்தவருக்கு 32 வயது. மகளாக நடித்தவர் ஏறக்குறையப் பத்து வயதுதான் இளையவர். 1994இல் ஸ்டீவன் சீகல் படத்தில் அலாஸ்காப் பழங்குடிப் பெண். பல வேடம் போடுவது நடிகையின் பெருமைதானே என்று எதிரணி நண்பர் முணுமுணுக்கிறார். நடிகைக்குப் பெருமைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆசிய முகம் என்றால் எந்த நாட்டுக்கும் ஒட்டவைக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு என்ன பெருமை?

இனித்தான் என் வழக்கின் உயிர் இருக்கிறது. ஜோன் சென் தானே கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார். நகரத்து இளையோரைக் கிராமங்களுக்கு அனுப்பிய மாவோவின் கலாசாரப் புரட்சிக் காலத்தில் செங்டு நகரத்திலிருந்து திபெத்தியப் புல்வெளிக்கு அனுப்பப்பட்டுச் சீரழிந்த சிறுமியின் கதையை, எழுத்தாளர் யான் கெலிங்குடன் சேர்ந்து சீன மொழியில் திரைக்கதையாக்கினார். சீன அரசின் அனுமதி இல்லாமலே அங்கே போய்ப் படமெடுத்தார். 1998இல் 'ஷியூ ஷியூ' வந்தது. பிறந்த நாடு தடை போட்டது, அபராதமும் விதித்தது. தைவானின் தங்கக் குதிரைத் திரைப்பட விழாவோ 7 விருதுகளைக் கொடுத்தது.

ஹாலிவுட் ஸ்டூடியோ அவரை இயக்குநராக அழைத்தது அதற்குப் பிறகு. 2000இல் ரிச்சர்ட் கியர், வினோனா ரைடர் நடித்த காதல் படம். படம் சுமார்தான், விமர்சகர்கள் கிழித்தார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்னா மே வோங்குக்கு மனைவி வேடத்தை மறுத்த அதே எம்.ஜி.எம்., ஒரு சீனப் பெண்ணிடம் முழுப் படத்தையே ஒப்படைத்தது. எதைப் பார்த்து ஒப்படைத்தது? கார் நிறுத்துமிடத்தில் நடந்த நடையைப் பார்த்தா?

2024இல் 'டீடி' படத்தில் 13 வயதுப் பையனோடு மல்லுக்கட்டும் அம்மாவாக, ஓவியம் தீட்ட நேரம் கிடைக்காமல் தவிக்கும் பெண்ணாக வந்து விமர்சகர்களை எழுந்து உட்காரவைத்தார். அதுவும் ஸ்டூடியோ போட்ட பணத்தில் எடுத்ததல்ல. ஷான் வாங் என்ற இளைஞரின் முதல் முழுநீளக் கதைப்படம். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர்கள் பரிசளித்த பிறகே பெரிய விநியோகஸ்தர் வாங்கினார்.

நடுவர் மணியைத் தேடுகிறார். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், ஜோன் சென்னை மனத்தில் வைத்து, அவருக்காகவே ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்று கதை எழுதி எடுத்த ஒரே ஒரு படத்தின் பெயரைச் சொல்லட்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். நன்றி.