கைமாறும் கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

தை மாதம் நெருங்கினால் போதும், காரைக்குடியில் என் வாட்ச் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களின் பேச்சே மாறிவிடும். "அண்ணே, மாப்பிள்ளைக்குக் கட்ட ஒரு நல்ல வாட்ச் வேணும். புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது. செகண்ட் ஹேண்டுல தரமானதாப் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். அப்பாவின் சாந்திக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, அண்ணன் தம்பிகள் சேர்ந்து பணம் போட்டு ஓர் ஒமேகாவோ ரோலெக்ஸோ வாங்க நினைப்பதும் உண்டு. அவர்களிடம் சொல்வதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். டயலில் இருக்கும் பெயர் இரண்டாம்பட்சம். இன்னும் முப்பது வருஷம் கழித்து அந்த வாட்சைத் திறந்து சரிசெய்ய முடியுமா என்பதை முதலில் பாருங்கள்.

ஒருவர் கட்டியதை நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். அப்பத்தாவின் வைரத்தைப் பிரித்துப் பேத்திக்குப் புதுத் தோடாகக் கட்டிப் போடுகிற ஊர் நம்முடையது. வைரத்துக்கு இல்லாத குறை வாட்சுக்கு எங்கிருந்து வந்தது?

சரி, பேட்டரி வாட்சா, சாவி வாட்சா? 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ கம்பெனி முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை, அதாவது இன்றைய பேட்டரி வாட்ச் வகையை, விற்பனைக்குக் கொண்டுவந்தது. துல்லியத்தில் அந்த வகையைச் சாவி வாட்ச் எட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போய், கம்பெனியும் அந்தப் பாகத்தை நிறுத்திவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு அதில் செய்ய அதிகம் இல்லை. சாவி கொடுப்பது, கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் இரண்டிலும் இருப்பவை பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். தேய்ந்த பாகத்தை இன்னொரு மெஷினிலிருந்து எடுத்துப் போடலாம், கைத்திறன் உள்ளவர் கடைந்தும் கொடுப்பார். அரசு நிறுவனமான எச்எம்டி 1961-ல் பெங்களூரில் தொடங்கிய கடிகாரத் தொழிலை 2016-ல் மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அந்த வாட்சுகளோ இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஏனென்றால் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். காலத்துக்கும் நிற்கவேண்டிய பரிசு என்றால் என் ஓட்டு சாவிக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும்தான்.

அடுத்தது, பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாட்ச் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், சரியான கருவியால் திறக்கவேண்டும். காரணம் சொல்லாமல் திறக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூடி திறந்ததும் கண்ணில் லென்ஸை வைத்து நான் முதலில் பார்ப்பது திருகாணிகளின் தலையை. அதில் திருப்புளி நுழையும் வெட்டு நேராக, விளிம்பு கூர்மையாக இருந்தால் நல்ல கைகளில் இருந்த மெஷின். வெட்டு சிதைந்து, பக்கத்தில் கீறல் ஓடியிருந்தால் யாரோ அவசரத்தில் போட்டுக் குடைந்திருக்கிறார்கள். பிறகு, சாவி திருகும் தண்டு உள்ளே நுழைகிற இடம். வியர்வை புகுவது அந்த வழியாகத்தான். அங்கே செம்பழுப்பாகத் துரு தெரிந்தால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் விலையைப் பேசவே வேண்டாம். கடைசியாக மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசியால் கீறியதுபோல மெல்லிய எண்களும் எழுத்துகளும் தெரியலாம். அவை முன்பு சர்வீஸ் செய்தவர்கள் போட்டுவைத்த குறிப்புகள், சிலர் தேதியும் போட்டிருப்பார்கள். அப்படி வரிசையாகக் கீறல் உள்ள வாட்சைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். வைத்திருந்தவர் அதைக் கவனித்திருக்கிறார் என்று அர்த்தம்.

நம் நாட்டுச் சந்தையில் ரொம்பவும் ஏமாற்றுவது டயல்தான். பழைய ஸ்விஸ் வாட்சின் மங்கிய டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்து எழுத்துப் போட்டு விற்பது மும்பைப் பக்கம் வெகுகாலமாக நடக்கிறது. ஐம்பது வருஷத்து வாட்சில் டயல் மட்டும் நேற்று அச்சடித்ததுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆறு மணிக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தை லென்ஸில் பாருங்கள். ஒரிஜினல் எழுத்து மெல்லியதாக, ஒரே சீராக இருக்கும். திரும்ப எழுதியது தடித்து, விளிம்பு கசிந்திருக்கும். லேசாகப் பழுப்பேறிய அசல் டயல், பளிச்சென்ற பெயின்டைவிட எவ்வளவோ மேல்.

இருட்டில் ஒளிரும் டயல் பற்றி ஓர் எச்சரிக்கை. 1960-களுக்கு முந்தைய வாட்சுகள் பலவற்றில் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் பூசியிருந்தார்கள். வெளிச்சம் செத்துப் போயிருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். அதை வீட்டில் திறப்பது, சுரண்டுவது, உதிர்ந்த தூள் மூச்சில் போவது, எல்லாமே ஆபத்து. தினமும் கட்டுகிற பரிசாக அதைத் தேர்ந்தெடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தங்க வாட்ச் என்றால் நம்மவர்கள் உடனே 916 முத்திரையைத் தேடுவார்கள். ஸ்விஸ் வாட்சின் தங்கக் கேஸ்கள், அதாவது வெளிக்கூடுகள், பெரும்பாலும் 18 காரட், அதில் 750 என்றுதான் இருக்கும். 916 இல்லையே என்று நல்ல வாட்சைத் தள்ளிவிட வேண்டாம். முலாம் பூசியதைத் தங்கம் என்று நம்பவும் வேண்டாம். மூலைகளிலும் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளிலும் முலாம் முதலில் தேயும். அங்கே வேறு நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

பில், வாரன்டி கார்டு, பெட்டி எல்லாம் இருந்தால் நல்லது. ஆனால் பெட்டியும் கார்டும் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. கார்டில் உள்ள எண்ணும் வாட்சில் உள்ள எண்ணும் ஒத்துப்போவதுதான் முக்கியம். பழைய ரோலெக்ஸில் வரிசை எண் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளுக்கு நடுவே, ஆறு மணிப் பக்கம் இருக்கும், செயினைக் கழற்றினால்தான் தெரியும். பழைய ஒமேகாவில் உள்ளே மெஷினிலேயே இருக்கும். கடையில் வாங்குகிற வாட்ச் 10 லட்சத்தைத் தாண்டினால், 2025 ஏப்ரலிலிருந்து விற்பவர் 1 சதவீதம் வருமான வரி வசூலிக்க வேண்டும், உங்கள் பான் எண்ணைக் கேட்பார். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் சொந்தக்காரர் வாங்கி வருகிறார் என்றால் சுங்கத்தில் அறிவித்து, ரசீதோடு வரச் சொல்லுங்கள்.

பணத்தையெல்லாம் வாட்சிலேயே போட்டுவிடாதீர்கள், சர்வீசுக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள். ஒமேகா 5 முதல் 8 வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது, ரோலெக்ஸ் சுமார் 10 வருஷம் என்கிறது. கைமாறி வந்த வாட்ச் கடைசியாக எப்போது எண்ணெய் கண்டது என்று தெரியாவிட்டால், கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். அப்போது பாலிஷ் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பாலிஷிலும் கேஸின் கூர்மையான விளிம்பு கரைகிறது. போன உலோகம் திரும்பி வராது.

பின்மூடியில் பெயர் பொறித்தால் மறுவிலை குறையும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். உண்மைதான், குறையும். இருந்தாலும் பொறியுங்கள் என்பேன். இது விற்பதற்கு வாங்கியது இல்லையே. யார் யாருக்கு, எந்த நாளில் கொடுத்தார்கள் என்று இரண்டு வரி போதும். மூடியைத் தனியாகக் கழற்றிக் கொடுத்துப் பொறியுங்கள், மெஷினுக்கு அதிர்ச்சி போகாது. ஏற்கெனவே வேறு குடும்பத்தின் பெயர் இருந்தால் அழிக்காதீர்கள், அதற்குக் கீழே உங்கள் வரியைச் சேருங்கள்.

கட்டிவிடும்போது மாப்பிள்ளையிடமோ அப்பாவிடமோ சில விஷயங்களைச் சொல்லிக் கொடுங்கள். சாவி வாட்சுக்குக் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும், இறுகுவது விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை தேதியைத் திருகி மாற்றக் கூடாது, அந்த நேரத்தில் மாற்றினால் உள்ளே சக்கரத்தின் பல் உடையலாம். ஸ்பீக்கர் மேலேயோ காந்தம் வைத்த போன் உறை பக்கத்திலேயோ வைக்க வேண்டாம். திடீரென்று வேகமாக ஓட ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்கலாம், கடைக்குக் கொண்டுவந்தால் சில நிமிஷத்தில் எடுத்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.