சில்லறையைப் பிரிக்க எந்தக் காந்தம் வாங்கலாம்?

[திரையில்: ரூபாய் நாணயங்கள் குவிந்த தட்டு. மேலிருந்து ஒரு காந்தம் இறங்குகிறது. சில நாணயங்கள் தாவி ஒட்டுகின்றன. சில அசையாமல் கிடக்கின்றன.]

எல்லாம் ஒரு ரூபாய் நாணயங்கள்தான், நிறமும் ஒன்றுதான். பிறகு ஏன் சில மட்டும் ஒட்டுகின்றன? அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 1983 முதல் 1991 வரை ஒரு ரூபாய், செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் வந்தது. எடை 6 கிராம். 1992இல் எவர்சில்வருக்கு மாறி, 4.85 கிராமாக இளைத்தது. வழக்கமான இரண்டு ரூபாய்க்கு அந்த மாற்றம் 2005இல்தான் வந்தது. ஐந்து ரூபாய் 2007இல் எவர்சில்வராகி, 2009இல் மஞ்சள் நிறத்துக்குப் போய்விட்டது.

எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாதே என்று கேட்பீர்கள். நிக்கல் சேர்த்த எவர்சில்வர் பாத்திரம் ஒட்டாது என்பது உண்மை. நாணயத்தில் இருப்பது இரும்பு 83 விழுக்காடு, குரோமியம் 17 விழுக்காடு. நிக்கல் இல்லை, அதனால் ஒட்டுகிறது.

நிக்கலின் குணம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. தனியாக இருந்தால் காந்தத்தில் நன்றாக ஒட்டும். மூன்று பங்கு செம்போடு ஒரு பங்காகக் கலந்தால் ஒட்டவே ஒட்டாது. எஃகில் போதிய அளவு சேர்ந்தாலோ, இரும்பின் ஒட்டும் தன்மையையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

[திரையில்: 1947ஆம் ஆண்டு ஒரு ரூபாய், புலி உருவம் உள்ள பக்கம். காந்தத்தை நெருங்கியதும் துள்ளுகிறது.]

இது சுத்த நிக்கல். இதற்கு முந்தைய 1945ஆம் ஆண்டு ரூபாயிலும் அதே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலைதான்; அதில் பாதி வெள்ளி, ஒட்டாது. நேரு நினைவாக 1964இலும், காந்தி நூற்றாண்டுக்கு 1969இலும் வந்த ஒரு ரூபாய் நாணயங்களும் நிக்கல். ஆகவே காந்தத்தோடு வந்த குவியலில் பெரிதாக, 28 மில்லிமீட்டர் அகலத்தில், 10 கிராமோ அதற்கு மேலோ எடையில் ஏதாவது தென்பட்டால் தனியே எடுத்து வையுங்கள்.

இனி காந்தத்துக்கு வருவோம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் ரப்பர் காந்தம் நாணயத்தைத் தூக்கத் திணறும். உடனே எல்லோரும் ஓடுவது, சிறிதாக இருந்தும் மிக வலுவாக இழுக்கும் நியோடிமியம் காந்தத்துக்கு. குவியலைப் பிரிக்க அது தேவைக்கு மேல் வலுவானது. ஒட்டிய ஒவ்வொரு நாணயமும் தானே காந்தமாகி அடுத்ததைப் பிடிக்கும். கொத்தாகத் திரண்டு மேலே வரும்போது, ஒட்டாத நாணயங்களும் நடுவில் சிக்கி வந்துவிடும். பிரித்ததையே திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கும். பழைய ஸ்பீக்கரில் கிடைக்கும் கறுப்பு வளையக் காந்தமே இந்த வேலைக்குப் போதும்.

[திரையில்: பிளாஸ்டிக் பைக்குள் வளையக் காந்தம். பை நாணயங்களின் மேல் மெல்ல நகர்கிறது.]

காந்தத்தை வெறுமனே பயன்படுத்தாதீர்கள். நாணயத்தில் கீறல் விழும். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போடுங்கள். நாணயங்களை ஒற்றை அடுக்காகப் பரப்பி, பையை மேலே நகர்த்துங்கள். பிறகு வேறொரு தட்டின் மேல் பையைப் பிடித்து, உள்ளிருக்கும் காந்தத்தை மட்டும் மேலே உருவினால், ஒட்டியவை பொலபொலவென்று உதிரும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் செப்புக்காசு அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று ஆசை காட்டி ஏமாற்றும் கும்பல்கள் நம் ஊரில் உண்டு. அரிசியை எந்தச் செம்பும் இழுக்காது. இரும்புத்தூள் பூசிய அரிசியும் மறைத்து வைத்த காந்தமும் இருந்தால் அந்த வித்தையை யாரும் காட்டலாம். பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, நியோடிமியத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது: ஒட்டாத நாணயங்களில் வெள்ளியைத் தேடுவதற்கு.

[திரையில்: 45 பாகை சாய்வில் பொருத்திய, விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளி ரூபாய். உச்சியில் வைத்த சிறு வட்டக் காந்தம் நிதானமாக ஊர்ந்து இறங்குகிறது. பக்கத்தில் செம்பு-நிக்கல் நாணயம். அதில் காந்தம் சட்டென்று வழுக்கி விழுகிறது.]

காந்தம் நகரும்போது அதன் கீழே உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது காந்தத்தின் ஓட்டத்தையே எதிர்க்கிறது. மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளி என்பதால், அதில் தடை பலமாக இருக்கும். செம்பு-நிக்கலில் பெயருக்குத்தான் இருக்கும். 1939 வரையிலான ரூபாய்களில் வெள்ளி 91.7 விழுக்காடு. 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. நிக்கலும் துத்தநாகமும் கலந்திருப்பதால் அவற்றில் தடை தளர்ந்துவிடும்.

இதற்கு 10 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் காந்தம் வாங்குங்கள். என்35 தரம் போதும் (‘என்’னுக்குப் பின்வரும் எண் கூடினால் காந்தத்தின் வலுவும் கூடும்). என்52க்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. விளம்பரத்தில் போடும் ‘இத்தனை கிலோ இழுக்கும்’ என்ற கணக்கு, தடித்த இரும்புப் பலகையில் அளந்தது. மெல்லிய நாணயத்துக்குப் பொருந்தாது.

குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால், குடலின் சுவர்களை நடுவில் வைத்து அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் இவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

காந்தம் ஊர்ந்து இறங்கினாலும் உடனே வெள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளி முலாம் பூசிய செம்பிலும் அது ஊரும். தராசில் வையுங்கள். வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்ந்திருந்தால் சற்றுக் குறையலாம். அதே அகலம், அதே தடிமனில் செம்பு ஏறக்குறைய 10 கிராம்தான் வரும்.