ஈறில் கசியும் இரத்தம், இதயத்துக்குப் போகும் கேள்வி

(மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் ஓர் ஆலய மண்டபத்தில் நடந்த சுகாதார நிகழ்ச்சியில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பசியாறிவிட்டு நேராக இங்கே வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏற்பாட்டாளர்கள் இந்த உரைக்கு முதலில் வைத்த தலைப்பு ‘பல்லைத் துலக்கு, மாரடைப்பை விலக்கு’. எதுகை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாற்றச் சொன்னேன். அவர்களுக்குச் சற்று வருத்தம். அப்படி ஒரு வாக்குறுதியை எந்தப் பல் மருத்துவராலும் கொடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு நல்லெண்ணெய் கொப்பளித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் கொப்பளிப்பது உங்கள் விருப்பம். மாத்திரையை நிறுத்துவது அப்படி அல்ல.

சரி, உண்மையில் தெரிந்தது எவ்வளவு? 1989இல் பின்லாந்து ஆய்வாளர்கள் மாரடைப்பு வந்தவர்களின் வாயையும் வராதவர்களின் வாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்குப் பல்லும் ஈறும் மோசமாக இருந்தன. வயது, புகைப்பழக்கம், கொழுப்பு, இனிப்புநீர் எனும் நீரிழிவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. அவற்றையெல்லாம் அலசிய அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் சொன்னது இதுதான்: தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறு நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்பதற்கும், ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்கும் சான்று இல்லை.

அப்படியானால் எழுந்து வீட்டுக்குப் போகலாமா என்று பின்வரிசையில் ஒருவர் பார்க்கிறார். கொஞ்சம் பொறுங்கள்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று எல்லோருக்கும் உண்டு. நாங்கள் அதை அளக்கும் கருவி, நுனி மழுங்கிய ஒரு மெல்லிய கம்பி. மில்லிமீட்டர் கோடுகள் போட்டிருக்கும். ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் அதை மெதுவாக இறக்கி, “இரண்டு, மூன்று, இரண்டு” என்று நான் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொள்வார். மூன்று வரை கவலை இல்லை. “ஐந்து, ஆறு, ஏழு” என்று ஏறும்போது, நாற்காலியில் படுத்திருப்பவருக்கே விஷயம் புரிந்துவிடும். அவ்வளவு ஆழத்தில் பிரஷ் எட்டாது. அங்கே கிருமிகள் குடியிருக்கும், பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். வலி மட்டும் பெரும்பாலும் இருக்காது. நோய் முற்றியவரின் வாயில் புண்பட்ட இடுக்குகளை எல்லாம் விரித்து வைத்தால் உள்ளங்கையில் ஒரு நல்ல பகுதியை மூடிவிடும். அவ்வளவு பெரிய புண் காலில் இருந்தால் யாராவது சும்மா இருப்போமா?

மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் அந்தப் புண் வழியாகக் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. உடல் அதற்குப் பதில் சொல்கிறது. அழற்சியை, அதாவது கிருமியை எதிர்த்து உடல் காட்டும் சூட்டையும் வீக்கத்தையும், காட்டும் ஒரு புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது. இரத்தக் குழாயில் கொழுப்புப் படிவதிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேர். ஒரு பகுதியினருக்குத் தீவிரமாகச் சுத்தம் செய்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான அளவில். கையில் உள்ள இரத்தக் குழாய் எவ்வளவு நன்றாக விரிகிறது என்று அளந்தார்கள். தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாள் அது மோசமாகியிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. மாரடைப்பு குறைந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஈறில் நடப்பது ஈறோடு நிற்பதில்லை என்பதற்கு இது போதும்.

நம் பினாங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1949இல் பல் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி இங்கேதான் தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள். சொத்தைப் பல் என்றால் என்ன என்று நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஈறு நோய் பெரும்பாலும் முற்றுவது முப்பத்தைந்து, நாற்பது வயதுக்கு மேல். அந்த வயதில் வகுப்பறைக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. நாமாகத்தான் போக வேண்டும்.

புகைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. “எனக்கு ரத்தமே வருவதில்லை டாக்டர்” என்று பெருமையாகச் சொல்வார்கள். நிகோடின் ஈறின் சிறு குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. எச்சரிக்கை மணி அடிக்காமல் போவது அதனால்தான். உள்ளே எலும்பு போய்க்கொண்டே இருக்கும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா வந்தார். முன்பற்களின் நடுவே ஈறு முடிச்சு முடிச்சாக வீங்கி, பல்லில் பாதியை மூடியிருந்தது. “மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா அம்மா?” “ஒன்றும் இல்லை டாக்டர்.” உடன் வந்த மகள் பேசாமல் கைப்பையைத் திறந்து, அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த மருந்து உறைகளை மேசையில் வைத்தாள். அதில் ஒன்று அம்லோடிபின். “அது பிரஷருக்குத்தானே, பல்லுக்கு இல்லையே!” என்றார் அந்த அம்மா. அந்த வகை மாத்திரை சிலருக்கு ஈறை வளரச் செய்யும். வாய் சுத்தமாக இல்லாவிட்டால் இன்னும் அதிகம். சுத்தம் செய்தேன், அவருடைய டாக்டருக்குக் கடிதம் எழுதினேன், அவர் மருந்தை மாற்றினார். சில மாதங்களில் வீக்கம் வற்றியது. இதைக் கேட்டுவிட்டு நாளை காலையே யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாற்ற வேண்டியவர் டாக்டர்.

இதய டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வது அரிது. பல் டாக்டருக்கு உங்கள் இதயத்தின் கதை தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவே செய்தி கொண்டுபோகக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே பல்லைக் காட்ட வரும்போது மருந்துப் பையை அப்படியே எடுத்து வாருங்கள்.

செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பு இதயத்தின் உட்சுவரில் கிருமித் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இவர்கள் விஷயத்தில் தொடர்பா, காரணமா என்ற விவாதமே இல்லை. வாயிலிருந்து போகும் கிருமி வால்வில் ஒட்டிக்கொண்டு உயிருக்கே உலை வைக்கலாம். பல் பிடுங்குவது போன்ற சிகிச்சைக்கு முன்பே இவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்போம். அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் மட்டும் வைத்தவர்களுக்குப் பொதுவாக அது தேவையில்லை. ஆனால் அவர்கள் ஆஸ்பிரின் போன்ற மருந்து சாப்பிடுவார்கள். பல் பிடுங்க வேண்டும் என்று அதைத் தாமாகவே நிறுத்துவது பெரிய ஆபத்து. கசியும் இரத்தத்தை நாங்கள் பஞ்சு வைத்தோ தையல் போட்டோ நிறுத்திவிடுவோம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் என் கிளினிக்கில் அதற்கு வழி இல்லை.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். ஈறு புண்பட்டிருந்தால் சர்க்கரையும் எளிதில் கட்டுக்குள் வராது. 2019இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர். இந்த மண்டபத்தில் யார் யார் என்று நான் கேட்கப் போவதில்லை, இனிப்பான தே தாரிக் தேநீர்க் கோப்பையை யாரும் ஒளிக்க வேண்டாம்.

துலக்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மென்மையான பிரஷை ஈறின் ஓரத்தில் சாய்த்து வைத்துத் துலக்குங்கள். பல் இடுக்குக்கென்று விற்கும் சிறு பிரஷை இரவில் பயன்படுத்துங்கள். இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் நோய்தான் வளரும். கல்லாக இறுகிய காரையை வீட்டில் எடுக்க முடியாது, எங்களிடம் வர வேண்டும்.

ஒரே ஒரு வலிக்கு மட்டும் பல் டாக்டரிடம் வராதீர்கள். மாடிப்படி ஏறும்போது கீழ்த்தாடையில் வலி, உட்கார்ந்தால் குறைகிறது, எந்தப் பல் என்று விரலால் காட்ட முடியவில்லை என்றால் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள். உட்கார்ந்தும் விடவில்லை, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள்.

கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். பின்வரிசையில் எழுந்து போகப் பார்த்தவர் முதலில் கேட்கட்டும்.