பட்டமா, பட்டறையா? பட்டறை அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

"பிள்ளையின் வாழ்வுக்கு வழி காட்டுவது பட்டமா, பட்டறையா?" என்பது தலைப்பு. பட்டறை என்று நாங்கள் சொல்வது ஐ.டி.ஐ. என்று ஊரே அழைக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தை. எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் மூன்று குற்றங்களைச் சாட்டினார். ஐ.டி.ஐ. படித்தவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், சம்பளம் போதாது, தொழிற்கல்வி என்பதே குலக்கல்வியின் மறுபிறவி. கடைசிக் குற்றம்தான் கனமானது. அதற்கே முதலில் வருகிறேன்.

1953இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது, தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தினம் மூன்று மணி நேரம் பாடம் போதும், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது அரசு. இது குலக்கல்வி என்று தமிழ்நாடு கொதித்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அந்தத் திட்டம் தூக்கி எறியப்பட்டது. அன்று நான் இருந்திருந்தால் எதிர்த்தவர்களோடுதான் நின்றிருப்பேன். ஆனால் அம்மையார் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் நஞ்சு எங்கே இருந்தது? உளி பிடிப்பதிலா? "உன் அப்பன் பிடித்த உளியைத்தான் நீ பிடிக்க வேண்டும்" என்பதில் அல்லவா இருந்தது!

அரசு ஐ.டி.ஐ. சேர்க்கைக்குப் போய்ப் பாருங்கள். அப்பா என்ன தொழில் செய்கிறார் என்பதை வைத்தா பிரிவு ஒதுக்குகிறார்கள்? மதிப்பெண் உண்டு, இடஒதுக்கீடு உண்டு, பிள்ளையின் விருப்பம் உண்டு. சலவைத் தொழிலாளியின் மகள் எலக்ட்ரீஷியன் பிரிவை எடுக்கலாம். கூலி விவசாயியின் மகன் டர்னர், அதாவது கடைசல் இயந்திரத்தில் உலோகம் கடைபவர், ஆகலாம். ஒரு காலத்தில் கொல்லன் உலையின் நுணுக்கம் கொல்லன் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தச்சன் கணக்கு தச்சன் மகனுக்கு மட்டுமே தெரியும். வெளியிலிருந்து ஒருவன் போய்க் கற்றுக்கொடுங்கள் என்று கேட்க முடியுமா? 1950இல் இந்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் அந்த நுணுக்கத்தைப் பாடத்திட்டமாக்கி, கடைசல் இயந்திரத்தை அரசுக் கட்டடத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் வரலாம் என்றது. குலத்திலிருந்து தொழிலைப் பிரித்தெடுத்த இடம் அது. அதைப் போய்க் குலக்கல்வி என்கிறீர்களே!

இன்னும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கையால் உழைப்பது கீழான வேலை என்று சொல்லித்தானே இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்களைக் கீழே உட்கார வைத்தார்கள்? அதே வாக்கியத்தை இன்று பட்டமளிப்பு அங்கியை மாட்டிக்கொண்டு சொன்னால் அது முற்போக்கு ஆகிவிடுமா?

பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ. என்று கொட்டை எழுத்தில் இருக்கும். என்ன வேலை பார்க்கிறார் என்ற வரி பல பத்திரிகைகளில் இருக்காது. ஏன் இருக்காது என்று மாமனாருக்கும் தெரியும், அச்சகக்காரருக்கும் தெரியும்.

சம்பளத்துக்கு வருவோம். ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயரில் ஐ.டி.ஐ. பிள்ளைகளைக் குறைந்த கூலிக்குப் பிழிகிற ஆலைகள் இருக்கின்றன. மறுக்கவில்லை. அது ஆலையின் அநியாயம், அதை எதிர்த்துச் சட்டம் பேசுவோம். பட்டதாரி நிலை மட்டும் என்ன? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களில் வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம். இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்க மாட்டேன். எழுத்தறியாத ஏழை வேலையில்லாமல் இருக்க வசதியற்றவர், கிடைத்ததைச் செய்கிறார். ஆனாலும் பட்டம் என்பது வேலைக்கான உத்தரவாதச் சீட்டு என்ற பேச்சு இந்தக் கணக்கோடு முடிந்துபோகிறது.

திருச்சி பக்கம் கொதிகலன் வேலை தெரிந்த ஒரு வெல்டரிடம் "சிக்ஸ் ஜி" தேர்வு என்றால் என்னவென்று கேளுங்கள். குழாயை 45 டிகிரி சாய்வாகப் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். பாதி நேரம் தலைக்கு மேலே பற்றவைக்க வேண்டும், உருகிய உலோகம் கீழே ஒழுகாமல். முடித்த பிறகு இணைப்பை எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே குண்டூசித் தலை அளவு காற்றுக் குமிழிகள் கொத்தாகத் தெரிந்தாலும் போச்சு. கொதிகலனின் அழுத்தம் தாங்கும் பகுதிகளில், இப்படித் தேர்ந்து சான்று பெற்றவர் மட்டுமே பற்றவைக்கலாம் என்பது இந்தியக் கொதிகலன் விதி. பொறியியல் பட்டத்தை நீட்டினால், "வணக்கம் சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்பார்கள். இதில் அறிவு இல்லை என்று யார் சொன்னது?

செலவைப் பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை என்றால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் தனி. பழைய இயந்திரங்கள்தானே இருக்கும் என்று அம்மையார் சிரித்தார். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கத் தமிழ்நாடு அரசு எடுத்த திட்டத்தில் ரோபோவும் மின்சார வாகனமும் வந்துவிட்டன. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

பதினைந்து வயதில் பிள்ளையின் கதவைச் சாத்துகிறோமா? இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். எங்கள் பாதையில் பட்டமும் இருக்கிறது. கையில் தொழிலை வைத்துக்கொண்டு வாங்குகிற பட்டம்.

நடுவர் மணியைத் தொடுகிறார். எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். ரயில்வேயில் உதவி லோகோ பைலட், அதாவது ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர், வேலைக்குப் பத்தாம் வகுப்பும் உரிய பிரிவில் ஐ.டி.ஐ.யும் போதும். அதே வேலைக்குப் பொறியியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கிறார்கள். ஒரே தேர்வு, ஒரே இருக்கை, ஒரே சம்பளம். ஒருவர் பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டில் அந்த வரிசைக்கு வந்தார். மற்றவர் ஆறாண்டு கழித்து வந்தார். இடைப்பட்ட நான்காண்டுக் கட்டணத்தை அவருடைய அப்பா எந்தக் கணக்கில் எழுதுவது? ஐயா, இதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள்.