கிணறு முதலில், பாசறைத் தீ அப்புறம்

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மாவட்டச் சாரண ஆணையாளர் அவர்களே, காலையிலிருந்து கதிரை சுமந்த சனசமூக நிலையத்துப் பிள்ளைகளே, சாரணத் தம்பி தங்கைகளே, வணக்கம். பொன்னாடை போர்த்திய பெரியவருக்கும் என் நன்றி.

தீக்குழி, தண்ணீர், இரவுக் காவல் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். ‘வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டினாற்போல’ என்று என் அம்மம்மா சொல்லுவா. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு 13 வயது. மணற்காட்டுக் கடற்கரையில் முதல் பாசறை. சோளகக் காற்று அடிக்கிற ஆடி மாதம். காவோலையும் சவுக்கு விறகும் போட்டு எரித்தோம், பாடினோம், கூத்தாடினோம். படுக்கப் போகும்போது மணலைத் தள்ளி மூடிவிட்டு, தீ அணைந்தது என்று நம்பினோம். மணல் தணலைப் பொத்தி வைத்திருந்தது. விடியப்புறம் என் கூட்டாளி வெறுங்காலோடு அதன்மேல் ஓடினான். அவன் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. வாளியோடு கிணற்றடிக்கு ஓடினேன். கயிறு இல்லை. எட்டிப் பார்த்தால் உள்ளே ஓலையும் போத்தலும். கரையோர வீட்டு அம்மா ஒருவர் குடத்தோடு ஓடிவந்து அவன் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தார். “தம்பி, நெருப்பு மூட்ட முந்தித் தண்ணி எங்க எண்டு பாக்கிறேல்லையோ?” என்றார். அம்மம்மா சொன்ன அதே கிணறுதான்.

தீக்குழியைச் சுற்றிப் பத்தடிக்குச் சவுக்குச் சருகைக் கூட்டித் தள்ளுங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், புறங்கையைக் கிட்டப் பிடித்துச் சூடு பாருங்கள். தீப்பிடித்தால் தீயணைப்புப் படையை 110 இல் அழைக்கலாம். சரி, வண்டி வந்து சேருமட்டும் என்ன செய்வது? வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு இது. நிலத்துக்குள் தங்கும் மழைநீர்தான் எங்கள் சொத்து, அதை எடுக்கக் கிணறு வேண்டும். ஊர்ப் பொதுக்கிணறுகளைக் கலக்கி இறைக்க வேண்டும் என்று போகிற மேடையெல்லாம் கேட்கிறேன். எரியும்போது வெட்ட முடியாது, செயலாளர் அம்மா அவர்களே. பாசறை போடும் இடத்துக் கிணறுகளுக்காவது கப்பியும் கம்பி மூடியும் போட்டுத் தாருங்கள், மிச்ச வேலையை நாங்கள் செய்கிறோம்.

இரவுக் காவலுக்கு நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். ஞாயிறு காலை 6 மணிக்குக் கடற்கரைக் கிணற்றடியில் சிரமதானம். கிணற்றுக்குள் பழகிய ஆட்கள் மட்டும் இறங்குவார்கள். பிள்ளைகள் மேலே நின்று சருகு கூட்டலாம். மண்வெட்டி, கடகம், நல்ல கயிறு இருந்தால் கொண்டு வாருங்கள். வணக்கம்.