மனச்சிதைவும் நம் குடும்பங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளர். மருந்து எழுதித் தருவது மருத்துவர். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மாவையோ அண்ணனையோ தனியாக உட்காரவைத்துப் பேசுவது என் வேலை. மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா பற்றி நம் நாட்டில் நடந்திருக்கும் ஆய்வுகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். குடும்பத்தின் பக்கம் நின்றே அவற்றைப் பார்க்கப்போகிறேன்.

2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு. இல்லாத குரல்கள் காதில் கேட்பது இந்த நோயின் முக்கியமான அறிகுறி. அந்தக் குரல்கள் என்னதான் சொல்கின்றன? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அறிஞர் தான்யா லுர்மன், மனச்சிதைவு நோய்க்கான சென்னை ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபின் மருத்துவர்களோடும் கானா நாட்டு மருத்துவரோடும் சேர்ந்து இதை விசாரித்தார். சென்னையில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், அமெரிக்காவின் சான் மத்தேயோவில் 20 பேர். அமெரிக்கர்களில் பலருக்குக் கேட்டவை முகம் தெரியாத குரல்கள். அவை வெட்டு, குத்து, சித்திரவதை என்று பேசின. அக்ராவில் பலருக்குக் கடவுளே பேசினார். சென்னையில் 20 பேரில் 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளிக்கப் போ, சமையலைப் பார், வீட்டைச் சுத்தம் செய் என்று அவை ஏவின. திட்டவும் செய்தன, சில நேரம் ஆறுதலும் சொன்னன. பயமுறுத்தும் குரல்கள் நம் ஊரில் கேட்பதே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் நோயின் உள்ளே போனாலும் அங்கே நம் வீட்டு மனிதர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தியாவில் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு மனச்சிதைவு இருப்பதாக 2017ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்த தேசிய அளவிலான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. எல்லா வகை மனநலக் கோளாறுகளையும் சேர்த்தால் ஏழு பேரில் ஒருவர். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டியது. நோய்க்கு ஏற்பக் கூடக்குறைய, 70 முதல் 92 விழுக்காடு பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. இவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றால், வீட்டில்தான். குடும்பத்தைப் பேசாமல் இந்தியாவின் மனநலத்தைப் பேசவே முடியாது.

குடும்பத்தைப் புகழ்ந்து சொல்ல நம்மிடம் நல்ல சான்றுகள் உண்டு. 1960களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆய்வில் நம் ஆக்ராவும் ஒரு மையம். அடுத்து நடந்த பத்து நாட்டு ஆய்வில் ஆக்ராவோடு சண்டிகரும் சேர்ந்தது. இரண்டிலும் வந்த முடிவு மேலை நாடுகளை வியக்க வைத்தது. பெரிய மருத்துவமனைகளும் தாராளமான நிதியும் உள்ள நாடுகளைவிட, இந்தியா போன்ற நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகள் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

சென்னையில் 1981-82இல் முதல் முறையாக நோய் கண்ட 90 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்காக அல்ல, பத்தாண்டுக் கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஸ்கார்ஃபின் மனநல மருத்துவர் தாராவின் பெயரோடு உலகமெங்கும் அறியப்பட்ட ஆய்வு இது. முதல் பத்தாண்டு முடிந்தபோது அவர்களில் பெரும்பாலோர் அறிகுறிகள் அடங்கிய நிலையில் இருந்தார்கள். பலர் வேலைக்குப் போனார்கள், பலருக்குத் திருமணம் நடந்திருந்தது. இருபதாண்டு முடிவில் படம் சற்று மாறியது. முழுக்கக் குணமானவர்கள் சிலர், இடைவிடாமல் நோயிலேயே இருந்தவர்கள் சிலர். மற்ற எல்லாருக்கும் நோய் வந்தது, அடங்கியது, திரும்ப வந்தது. அந்த ஒவ்வொரு வரவையும் போக்கையும் வீட்டில் ஒருவர் பார்த்துச் சமாளித்திருக்கிறார்.

சண்டிகரில் 1980களில் மருத்துவர் விக், லண்டனின் ஜூலியன் லெஃப் ஆகியோர் நடத்திய ஆய்வைக் குடும்பத்தாரிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. நோயாளியிடம் வீட்டார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அவர்கள் அளந்தார்கள். குத்திக்காட்டுவதும் பகைமை காட்டுவதும் லண்டன் குடும்பங்களைவிடச் சண்டிகர்க் குடும்பங்களில் குறைவாக இருந்தது. பகைமை இருந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்பதும் தெரிந்தது. "சோம்பேறி, தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துக்கிறான்" என்று ஒரு தகப்பனார் சொல்லும்போது, அந்தப் படுத்துக்கிடத்தலும் நோயின் ஒரு பகுதி என்று நான் விளக்குவேன். அது அவருக்கு விளங்கிவிட்டால் வீட்டுக்குள் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

அண்மைக் காலத்தில் சென்னையும் கனடாவின் மான்ட்ரியலும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு செய்தன. இரு நகரங்களிலும் ஒரே மாதிரியான தொடக்கநிலைச் சிகிச்சை கொடுத்து, இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். 2020இல் முடிவுகள் வெளிவந்தன. குரல் கேட்பது, சந்தேகம் போன்ற அறிகுறிகள் இரு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. ஆனால் ஒதுங்கிப்போவது, பேச்சுக் குறைவது, எதிலும் நாட்டம் இல்லாமல் இருப்பது போன்றவை சென்னையில்தான் கூடுதலாகத் தேறின. சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனவர்களும் சென்னையில் குறைவு. மருத்துவர்களோடு குடும்பத்தாரின் தொடர்பு மான்ட்ரியலைவிட இங்கே வெகு அதிகம். வீட்டார் வந்துபோய்க்கொண்டிருந்தால் நோயாளியும் சிகிச்சையில் நிற்கிறார் என்று இந்தத் தரவுகள் சொல்கின்றன.

இங்கேயே நிறுத்திவிட்டால் இந்தியக் குடும்பத்துக்கு ஒரு மாலை போட்டுவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

2008இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் தாராவும் உண்டு. வளரும் நாடுகளில் மனச்சிதைவு நன்றாகத் தேறுகிறது என்ற முடிவை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றது அந்தக் கட்டுரை. அத்தனை ஆண்டுகள் 90 பேரைப் பின்தொடர்ந்த ஒருவரே இப்படிக் கேட்டது ஆய்வு நேர்மை. இறந்துபோனவர்கள் எத்தனை பேர்? சிகிச்சைக்கே வராதவர்கள்? மணவாழ்க்கை முறிந்தவர்கள்? இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டால் படம் அத்தனை இனிமையாக இல்லை. சென்னை நகரத்தில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தபோது, மனச்சிதைவு உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் ஒரு முறைகூடச் சிகிச்சை பெறாதவர்கள் என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவமனைகள் நிறைந்த நகரத்தில்தான் இந்த நிலை. வீட்டார் சோறு போட்டு, வெளியே தெரியாமல், ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நோய் உள்ளேயே முற்றியது.

பெண்களின் நிலைமை இன்னும் கொடுமை. நோயினால் மணவாழ்க்கை முறிந்த 76 பெண்களைப் பற்றிய ஸ்கார்ஃப் ஆய்வு 2003இல் வெளியானது. மனநோய் என்ற பழியைவிட, வாழாவெட்டி என்ற பழிதான் அந்தப் பெண்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் அதிகமாக வருத்தியது. கைவிட்ட கணவர்களிடமிருந்து பெரும்பாலோருக்கு ஒரு காசு வரவில்லை. பார்த்துக்கொண்டவர்கள் வயதான தாய் தகப்பன். நோய் வந்தவன் ஆணாக இருந்தால் மனைவி பெரும்பாலும் உடன் இருக்கிறாள். நோய் வந்தவள் பெண்ணாக இருந்தால் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். இந்தியக் குடும்பம் என்று பெருமையாகப் பேசும் யாரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கோயில், தர்கா பற்றி ஒரு வார்த்தை. காத்து கருப்பு, செய்வினை என்று முதலில் அங்கே போவதைப் படித்தவர்கள் ஏளனம் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. நம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸின் ரகுராமும் குழுவினரும் பரிசோதித்தார்கள். சில வாரத் தங்கலுக்குப் பிறகு நோயின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே அடி இல்லை, சங்கிலி இல்லை. உடன் ஒரு உறவினர் இருந்தார், கோயிலைக் கூட்டிப் பெருக்கும் சிறு வேலைகள் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா ஊரான ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. சாமி கும்பிடுங்கள், மாத்திரையும் கொடுங்கள். சங்கிலியைப் பார்த்தால் அந்த இடத்தைவிட்டு உடனே பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள்.

குடும்பத்தின் தோளில் இருக்கும் பாரத்தை யார் பகிர்ந்துகொள்வது? இதற்கும் ஆய்வு இருக்கிறது. காஞ்சிபுரம், கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரை வைத்து நடந்த பரிசோதனை 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது, நோய் திரும்பும் அறிகுறிகளை வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது, வேலைக்கும் அரசு உதவிக்கும் வழிகாட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இப்படி வீடுதேடி வந்தவர்களின் துணையும் கிடைத்தவர்களுக்கு ஓராண்டில் பலன் கூடுதலாக இருந்தது. பிரமாதமான பலன் என்று சொல்ல முடியாது, ஓரளவுதான். அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்த இடம் நம் காஞ்சிபுரம். இதே ஸ்கார்ஃப் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு 2010இலிருந்து ஒரு பேருந்தை அனுப்பிவருகிறது. அதற்குள்ளேயே மருந்தகம், அதற்குள்ளேயே திரையில் மருத்துவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டிய குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் எல்லாத் தாய்மார்களும் என்னிடம் கேட்பது. மாத்திரை, ஊசி, வேலை எல்லாம் பேசி முடித்த பிறகு, எழுந்திருக்கும்போது கேட்பார்கள்: "எனக்கப்புறம் இவனை யாரும்மா பாத்துப்பா?"

குடும்பம் என்று ஆய்வுகள் எழுதும் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு ஆள். அம்மா, அல்லது ஒரு அக்கா. அவருக்குச் சர்க்கரை, மூட்டுவலி, உறக்கமின்மை எல்லாம் இருக்கும். அவரை யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள். அவர் போன பிறகு என்ன நடக்கிறது என்பதை 2019இல் வெளிவந்த தேசிய அறிக்கை காட்டியது. நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கியிருப்பவர்கள் 36.25 விழுக்காடு. அவர்களில் பலர் நோய் தணிந்தும் போக இடமில்லாதவர்கள்.

இதற்கு மாற்று உண்டா? சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, 2015 முதல் ஒரு திட்டத்தை நடத்துகிறது. நீண்ட காலம் காப்பகத்திலோ மருத்துவமனையிலோ இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஊருக்குள் சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். உடன் ஒரு பணியாளர். அவர்களே கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், பண்டிகை கொண்டாடுகிறார்கள். காப்பகத்திலேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, இவர்கள் ஊரோடு கலந்து வாழ்வது கூடியிருந்தது. சமூகத்தில் ஒருவராக வாழும் உரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தருகிறது. அரசு நினைத்தால் ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படிச் சில வீடுகளை அமைக்க முடியும். அதை நான் இந்த ஒலிவாங்கியின் முன்னால் வெளிப்படையாகவே கேட்கிறேன். இனி நடக்கும் ஆய்வுகள் நோயாளியை அளப்பதோடு, பார்த்துக்கொள்பவரின் உடம்பையும் உறக்கத்தையும் வருமானத்தையும் அளக்க வேண்டும் என்றும் கேட்கிறேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் இருப்பீர்கள். டெலிமனாஸ் என்னும் அரசு சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நோயாளிக்காக மட்டும் அல்ல, உங்களுக்காகவும் கூப்பிடலாம். எண்ணை இன்னொரு முறை சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: 1, 4, 4, 1, 6.

நன்றி, வணக்கம்.